கறுப்பு இறகு அம்பு

"எறங்கு மச்சான். இதுக்கு மேல சுமந்தா நான் விழுந்துருவேன். விழுந்தா உன் மேலதான் விழுவேன்."

"விழு, விழு. இப்ப நீ இருக்கற கனத்துக்கு ஒரு எல விழுந்த மாதிரிதான் இருக்கும்."

செவுகி தன் மைத்துனன் தொக்காங்கியை முதுகிலிருந்து இறக்கி மரத்தடியில் உட்கார வைத்தான். இரண்டு பேருடைய வில்லும் அம்புகளும் தொக்காங்கியின் கையில்தான் இருந்தன. பின்னால் வந்த பிராஜுகி கூடையையும் நெருப்புக் கட்டையையும் சுமந்து வந்தாள். பெண் வில்லைத் தொடக் கூடாது, அதனால் நடக்க முடியாத அண்ணன் ஆயுதத்தைச் சுமக்க, அவனைப் புருஷன் சுமக்க, இப்படித்தான் மூன்று பேரும் பதினைந்து நாளாகக் காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்து நாளைக்கு முன்னால், காட்டை வெட்டி மாடு வளர்க்கும் துப்பாக்கிக்காரர்கள் விடியற்காலையில் அவர்கள் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று பார்க்க நேரமில்லை. தொக்காங்கியின் கெண்டைக்காலில் ஒரு குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. மற்றவர்களுடைய காலடித் தடம் சூரியன் விழும் திசையில், செம்மண் சாலையைத் தாண்டிப் போயிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். சேருவதுதான் பெரும்பாடாக இருந்தது.

கால் வலி தொக்காங்கிக்கு. ஆனால் செத்துக்கொண்டிருந்தவன் செவுகி.

தான் கொன்றதை வேட்டைக்காரன் தின்னக் கூடாது. தின்றால் கை செத்துப்போகும். அதன்பின் எந்த மிருகமும் அவன் அம்புக்கு நிற்காது. கூட்டத்தில் இருபது ஆண்கள் இருந்தபோது இது ஒரு கஷ்டமாகவே தெரிந்ததில்லை. உன்னுடையதை நான் தின்கிறேன், என்னுடையதை நீ தின்கிறாய், யாருக்கும் வயிறு காயவில்லை. இப்போது வில் பிடிக்க நிற்கிறவன் செவுகி ஒருவன்தான். இரண்டு குரங்கும் ஓடு போர்த்த ஓர் அர்மடில்லோவும் அடித்தான். இரண்டு பேர் தின்றார்கள், அடித்தவன் பனங்குருத்தை மென்றான். பனைக்குள் இருக்கும் கொழுத்த புழுவாவது கிடைத்திருக்கும். இந்த வருஷத்துப் பனி அதையும் கொன்றுவிட்டது.

முந்தின நாள் ஒரு குருத்தை வெட்டும்போது அவன் கோடரியோடு சேர்ந்து விழுந்தான். எழுந்து, "வழுக்கிருச்சு" என்றான். தரை காய்ந்து கிடந்தது. பிராஜுகி அன்றைக்கே ஒரு வழி யோசித்து வைத்துவிட்டாள்.

இப்போது தொக்காங்கியை இறக்கியது, இலையெல்லாம் உதிர்ந்து ரோஸ் நிறப் பூ மட்டும் நிற்கும் மரத்தடியில். பூ விழ விழ மான் வந்து பொறுக்கித் தின்னும். அண்ணனை அங்கே உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே அவன் அடிப்பான். அவன் அடித்தால் செவுகி தின்னலாம்.

"நீ வில்லை எடுக்கவே கூடாது" என்றாள் புருஷனிடம்.

"மீனைத் தின்னுட்டு உன்னைப் பெத்தாங்க உங்கம்மா. நீ எனக்கு வேட்டை சொல்லித் தர்றியா?" கர்ப்பத்தில் தாய் எதைத் தின்றாளோ அதன் பெயரும் குணமும் பிள்ளைக்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"என்னைத் தொக்கான் பறவையைத் தின்னுட்டுப் பெத்தாங்க" என்றான் தொக்காங்கி. "அதான் மூக்கும் நீளம், வாயும் நீளம். வாயை மூடுங்க ரெண்டு பேரும். மான் வராது."

இரண்டு ஆண்களும் பனையோலை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பிராஜுகி நெருப்பைத் தூரத்தில் ஒரு பொந்தில் வைத்துவிட்டு, இருபது அடி பின்னால் ஒரு பெரிய வேருக்குள் ஒடுங்கிக்கொண்டாள். மூடுபனி கலைய வெகுநேரம் ஆயிற்று. பூ ஒன்று விழுவதுகூடக் காதில் கேட்டது.

மான் தனியாக வந்தது. செம்பழுப்பு நிறம், இடுப்பளவு உயரம், விரல் நீளக் கொம்பு. ஒரு பூவைத் தின்னும், தலையைத் தூக்கும், காதைத் திருப்பும். பிறகு இன்னொரு பூ. ஓலைக்குள் அண்ணனுடைய நெடிய வில் மெதுவாகச் சாய்வதை அவள் பார்த்தாள். உட்கார்ந்தவன் நேராகப் பிடிக்க முடியாத வில் அது.

நாண் அதிர்ந்தது. மறுகணமே இன்னொரு தடவையும் அதிர்ந்தது.

மான் துள்ளிப் புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

"நீ ஏன்யா அடிச்ச?" தொக்காங்கி கத்தினான்.

"நான் அடிக்கல மச்சான். கை அடிச்சிருச்சு. ஒத்த ஆளை நம்பி விட மனசு வரல."

"எது பட்டுச்சு?"

"உன்னோடதுதான். என்னது முதுகுக்கு மேல போச்சு. போன மாதிரிதான் இருந்துச்சு." செவுகி கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. புள்ள, நீ ரத்தத்தைப் பாத்துக்கிட்டு முன்னாடி போ. கொஞ்சம் மூச்சு வரட்டும், இவனைத் தூக்கிட்டு வரேன்."

அவள் ஓடினாள். மரத்தைத் தாண்டி, ஒரு சரிவில், சேற்றில் ஓர் அம்பு குத்தி நின்றது. பழுப்பில் வெள்ளைக் கோடு போட்ட பருந்து இறகு. அண்ணனுடைய அம்பு. அதில் ஒரு துளி ரத்தமில்லை.

அதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினாள். பூக்களின் மேல் ரத்தம் கிடந்தது, பிறகு கற்களின் மேல் கிடந்தது. ஓடையைத் தாண்டி, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் மான் கிடந்தது. விலாவில் புகுந்து மறுபக்கம் முனை தெரிந்த அம்பில் கறுப்பு இறகு. அவள் புருஷனுடையது.

"ஏன்?" என்று மானைக் கேட்டாள். "அவனுக்குன்னுதானே உன்னை வரச் சொன்னேன். நீ பாட்டுக்கு அவன் அம்புக்கே போய் நின்னுட்டியே."

மானின் கண்ணில் ஓர் ஈ உட்கார்ந்தது.

"நீ யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றாள்.

ஆணுடைய அம்பைப் பெண் தொட்டால் அந்த அம்பு கெட்டுப்போகும். இலையைச் சுற்றிக்கொண்டு தொட்டால் தொட்டதாக ஆகுமா என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆகாது என்றும் சொன்னதில்லை. அகலமான இலை இரண்டைக் கையில் சுற்றிக்கொண்டாள். அம்பின் முனையில் வரிசையாக முள் வெட்டியிருந்ததால் வந்த வழியே இழுக்க முடியாது. மறுபக்கம் பிடித்து இழுத்தாள். கம்பும் இறகும் மானுக்குள் புகுந்து நனைந்து வெளியே வந்தன. ஓடையில் கழுவினாள். இறகைத் தன் தலைமுடியில் துடைத்தாள். திரும்ப ஓடிப் போய், சேற்றில் நின்ற அண்ணன் அம்பைப் பிடுங்கி, அந்தக் குழியிலேயே புருஷனுடையதைக் குத்தினாள். பிறகு ஓடை தாண்டி வந்து, அண்ணன் அம்பை அந்தப் புண்ணுக்குள் செருகினாள். மான் சூடாக இருந்தது. இலையெல்லாம் கிழிந்து போயிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

ஆண்கள் வரும் சத்தம் கேட்டது.

"பாரு மச்சான், பாரு! என்னது சேத்துல நின்னுச்சு!" செவுகி சிரித்தான். அவன் சிரித்துப் பதினைந்து நாளாகிறது. "முதுகு மேல போச்சுன்னு சொன்னேனா இல்லையா? கண்ணு மங்கினாலும் செவுகி பாத்தது பாத்ததுதான்."

அவன் முதுகின் மேலிருந்த தொக்காங்கி தன் கையிலிருந்த சேறு படிந்த கறுப்பு இறகு அம்பைப் பார்த்தான், மானைப் பார்த்தான், கடைசியில் தங்கையைப் பார்த்தான். அவள் குனிந்து மூங்கில் கத்தியைத் தேடுவதுபோல் கூடைக்குள் கையை விட்டாள்.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்?"

"என்னத்தைப் பேச?" என்றான் தொக்காங்கி மெதுவாக. "உக்காந்த எடத்துலேருந்து மான் அடிச்சவன் இந்தக் காட்டுல நான் ஒருத்தன்தான். பெருமைல வாய் அடைச்சுப்போச்சு."

அங்கேயே நெருப்பு மூட்டினார்கள். ஈரலை முதலில் சுட்டு அவள் புருஷனுக்குக் கொடுத்தாள். அவன் மெல்லவில்லை, விழுங்கினான். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். தாடையில் கொழுப்பு வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தில், அடுத்த துண்டை அவள் அண்ணன் பக்கம் நீட்டிவிட்டாள்.

"ஏ பைத்தியக்காரி!" செவுகி அவள் கையைத் தட்டிவிட்டான். "அவன் அடிச்சதை அவனுக்கே குடுக்கற? காலுதான் போச்சு, கையும் சாகணுமா?"

நீட்டிய கையைத் தொக்காங்கி மடக்கிக்கொண்டான். "மான் கறி யாருக்கு வேணும்? பூ வாசம் அடிக்கும். எனக்குக் குருத்தைக் குடு."

சாப்பிட்டு முடித்ததும் செவுகி வெயிலிலேயே படுத்துத் தூங்கிப்போனான். மீதிக் கறியை அவள் புகையில் வாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்தேன்" என்றான் தொக்காங்கி.

"என்னத்தை?"

"என் அம்பு சேத்துல குத்துனதை. எனக்குக் கண்ணு மங்கல தங்கச்சி."

அவள் ஒரு துண்டைப் புரட்டிப் போட்டாள். "சொல்லாத அண்ணே."

"சொல்ல மாட்டேன். ஆனா நெசத்தைச் சொல்லணும்னா எனக்குப் பசிக்குது. அது அவன் அடிச்ச மான். மொறைப்படி எனக்கு உள்ள கறி."

"அவன் தூங்கறான். இந்தா."

"வேணாம். எந்திரிச்சு என் வாயை மோந்தான்னா? தன் மானைத் தானே தின்னுட்டான் தொக்காங்கின்னு என்னைக் கைசெத்தவனா நெனப்பான். இல்ல, உண்மையைப் புடிச்சிருவான். ரெண்டும் வேணாம். சாலையைத் தாண்டற வரைக்கும் தாங்குவேன்."

தாங்கினான். காலிலிருந்து வந்த வாடை மட்டும் நாளுக்கு நாள் கூடியது.

முதல் நாள் செவுகி பாட்டுப் பாடிக்கொண்டே மைத்துனனைச் சுமந்தான். பிற்பகலில் ஒரு குரங்கைக் குறிவைத்தான். அம்பு கிளையில் பட்டது. "காத்து" என்றான். மறுநாள் காட்டுப்பன்றி ஒன்று எதிரிலேயே வந்து நின்றது. அம்பு அதன் முதுகு மயிரை உரசிப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் ஒரு மான். பத்தடி தூரம்தான். பிராஜுகி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் கை ஆடவே இல்லை. அம்பு மானுக்கு முன்னால் போய்த் தரையில் குத்தியது. மான் அதை மோந்து பார்த்துவிட்டு நடந்து போனது.

அவளுக்கு உள்ளங்கை எரிந்தது. இலை கிழிந்த கை அது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் செம்மண் சாலையில் லாரி போகும் சத்தம் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். தொக்காங்கி காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தான். செவுகி நெருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கை நடுங்கினாக் கவலையில்ல புள்ள. பசின்னு விட்டுரலாம். நடுங்கல. அதான் பயமா இருக்கு."

"நாளைக்குப் படும்."

"என் கை செத்துப்போச்சு."

"சும்மா இரு."

"தன் வேட்டையைத் தின்னவனுக்குத்தான் கை சாகும். அப்படிச் செத்தா அதுக்கு மருந்து இருக்கு. கொடிப்பட்டையை இடிச்சுத் தண்ணில கலக்கி ஊத்தித் தேச்சா தெளிஞ்சுரும். எங்க அப்பனுக்கே ஊத்தியிருக்காங்க. நான் என்னத்தைத் தின்னேன்? குருத்து, மச்சான் அடிச்ச மான். காரணம் இல்லாம வந்ததுக்கு என்ன மருந்து?"

அந்தக் கொடி அவன் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டில் பத்தடிக்கு ஒன்று தொங்கும்.

"அந்த மான்" என்றான் அவன். "நீதானே மொதல்ல போய்ப் பாத்த. அதுல யார் அம்பு இருந்துச்சு?"

பிராஜுகி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். அதற்குள் அவனே கையை ஆட்டினான்.

"வேணாம், சொல்லாத. கேட்டதே தப்பு. இத்தனை நாள்ல அதை ஒண்ணைத்தான் நான் நல்லபடியாத் தின்னேன். கால் அழுகற வலியோட மச்சான் எனக்காக அடிச்சுக் குடுத்தது. அதை நெனச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு அடியும் வைக்கறேன். அதுவும் இல்லேன்னா இங்கயே படுத்துருவேன்."

அவள் ஒரு சுள்ளியை நெருப்பில் போட்டாள்.

"அண்ணன் அம்புதான்" என்றாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் காடு முடிந்தது. முன்னால் மரமெல்லாம் வெட்டிப் புல் வளர்த்த வெளி. அதற்கு அப்பால் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் மறுபடியும் காடு. வெளியில் துப்பாக்கிக்காரர்களுடைய மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

செவுகி வெகுநேரம் அவற்றையே பார்த்தான். பிறகு மைத்துனனை இறக்கிவிட்டு, அவன் கையிலிருந்த தன் வில்லை வாங்கினான்.

"எதுக்கு?" என்றாள் பிராஜுகி.

"காட்டுக்கு நான் ஆகாதவன் ஆயிட்டேன். இது காட்டு மிருகம் இல்ல. இதுக்கு மொறையும் கெடையாது, பங்கும் கெடையாது. நான் அடிச்சு நானே திங்கலாம். மச்சானும் திங்கலாம். அவன் நாலு நாளாக் கறியே திங்கல, பாத்தியா?"

"மாட்டைத் தொட்டா சுட்டுருவானுங்க மாப்ள" என்றான் தொக்காங்கி.

"தொடாதப்பயும் சுட்டானுங்களே."

பிராஜுகி குறுக்கே போய் நின்றாள். "உன் கை சாகல. கேளு. அந்த மான்ல இருந்தது உன் அம்பு. நான்தான் உருவினேன். நான்தான் மாத்திச் செருகினேன். நீ பட்டினில சாகறதைப் பாக்க முடியாமச் செஞ்சேன். கொடியை இடிக்கறேன், இப்பவே இடிக்கறேன், உக்காரு."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு.

"நேத்து அண்ணன் அம்பு. இன்னிக்கு என் அம்பு. நாளைக்குக் கேட்டா மான் தானே எடுத்துக் குத்திக்கிச்சும்ப."

"சத்தியமாச் சொல்றேன்யா."

"என்னைத் தடுக்கணும், அதானே? பொய்யைக்கூட உனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. பொம்பளை அம்பைத் தொடுவாளா?"

"அவ சொல்றது நெசம் மாப்ள" என்றான் தொக்காங்கி. "என் அம்பு சேத்துலதான் குத்துச்சு. நான் பாத்தேன்."

செவுகி ஒரு கணம் நின்றான். அவன் முகம் தளர்வதைப் பிராஜுகி பார்த்தாள். நம்பிவிட்டான் என்றே நினைத்தாள். அவன் குனிந்து மைத்துனனின் கன்னத்தைத் தொட்டான்.

"உன் கால் அழுகுது. வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு. பக்கத்துல கறி தொங்குது. அது நான் அடிச்ச மானா இருந்தா நீ தின்னிருப்ப. திங்கலையே மச்சான். பொய்யை மறைக்கறதுக்காக எவனாவது தன் பங்குக் கறியை விடுவானா? அண்ணனும் தங்கச்சியும் கூட்டுச் சேந்துக்கிட்டீங்க. சரி, இருங்க. நான் வரேன்."

அவன் புல்லுக்குள் இறங்கினான். குனிந்து, பிறகு தவழ்ந்து போனான். தலைக்கு மேல் வில் மட்டும் நகர்வது தெரிந்தது. மாடுகள் ஓடவில்லை. மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியாது. ஒரு செவலைப் பசுவுக்குப் பக்கத்தில் எழுந்து நின்று வில்லை வளைத்தான்.

பட்டது. முன்னங்காலுக்குப் பின்னால், பாதிக் கம்பு உள்ளே இறங்கும்படி. பசு கத்திக்கொண்டு முன்னங்கால்களை மடித்துச் சாய்ந்தது.

செவுகி காட்டுப் பக்கம் திரும்பினான். ஒளிவதை மறந்துவிட்டான். வலது கையை உயரத் தூக்கி, விரல்களை விரித்து, அவளுக்குக் காட்டினான். இத்தனை தூரத்திலும் அவன் சிரிப்பது தெரிந்தது.

வேட்டுச் சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. அவன் பசுவின் மேல் விழுந்தான்.

எழுந்து ஓடப் பார்த்தவளின் கணுக்காலைத் தொக்காங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவ்வளவு பலம் அவனுக்கு எங்கிருந்து வந்ததோ. "படு. படுத்துக்க. ஒன்னையும் சுட்டா நான் யார் கூடக் கெடப்பேன்?" என்றான். அவள் மண்ணில் முகத்தைப் புதைத்துப் படுத்தாள். குதிரைகள் வந்தன. இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஒருவன் சிரித்தான். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எதை முதலில் இழுத்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

வெளியில் யாரும் இல்லாமல் ஆனதும் அவள் எழுந்தாள். கூடையிலிருந்த வாட்டிய கறியை எடுத்து அண்ணன் மடியில் வைத்தாள்.

"தின்னு."

"தங்கச்சி..."

"இனி யாரு மோந்து பாக்கப் போறா? தின்னு. நடக்க வேண்டியது நான், கனமா இருக்கப் போறது நீ. தின்னுட்டு வா."

அவன் அழுதுகொண்டே மென்றான். அவள் கூடையிலிருந்த மற்றதையெல்லாம் கொட்டிவிட்டு, அதைச் சுமக்கும் பட்டையை அவன் தொடைக்குக் கீழே கொடுத்து, நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். முதல் தடவை எழ முடியவில்லை. இரண்டாம் தடவை எழுந்தாள். நெருப்புக் கட்டையைத் தொக்காங்கி பிடித்துக்கொண்டான்.

"அவங்க கேப்பாங்க" என்றான் அவள் காதுக்குப் பக்கத்தில். "செவுகி எங்கன்னு கேப்பாங்க."

"மாட்டை அடிச்சான், சுட்டுட்டாங்கன்னு சொல்லுவேன்."

"காட்டுல கறி இருக்கறப்ப மாட்டுக்கு ஏன் போனான்னு கேப்பாங்க."

அவள் புல்வெளியின் ஓரமாகவே நடந்து சாலைக்கு வந்தாள். ஒரு லாரி வரும் சத்தம் கேட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்தாள். முழுமுழு மரமாக ஏற்றிக்கொண்டு அது அவர்களைத் தாண்டிப் போயிற்று. செம்புழுதி இருவர் மேலும் படிந்தது.

"மானைப் பத்தியும் சொல்லுவேன்" என்றாள். "மொதல்ல அதைத்தான் சொல்லுவேன்."

"உன்னை அடிப்பாங்க."

"அடிக்கட்டும். அவங்களாவது நம்பினாச் சரி."

புழுதி அடங்கும்வரை காத்திருக்காமல், அதற்குள்ளேயே நுழைந்து, அவள் சாலையைக் கடந்தாள்.